ஒரு வரிக்கு 19 பிளாக்

19! இந்த எண்ணைப் பத்தித்தான் கொஞ்ச நாளா கண்ணில் படுற எல்லார்கிட்டயும் பேசிக்கிட்டிருக்கேன். பால்காரர் கேட்டுட்டார், கொரியர் கொண்டுவந்த தம்பி கேட்டுட்டார், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் ரசம் ஊத்துற வரைக்கும் கேட்டுக்கிட்டிருந்தார். இப்போ உங்க முறை. காரைக்குடிப் பக்கம் எங்க வீட்டுக் கொல்லையில், வேப்பமரத்தடியில், 8 அடிக்கு 6 அடியில் ஒரு சின்ன அறை நிக்குது. மண்வெட்டி, கடப்பாரை, பூவாளி, மண்புழு உர மூட்டை, தண்ணி விடுற ஓஸ் எல்லாம் போட்டு வைக்கிற அறை. ஹாலோ பிளாக் சுவர். அதை நான் கட்டினேன்! ஆள் விட்டுக் கட்டல. கரண்டியைப் பிடிச்சு, கலவையைப் போட்டு, பிளாக்கைத் தூக்கி வைச்சு, இந்த ரெண்டு கையால கட்டினேன். அதுக்கு முன்னாடி கட்டட வேலைன்னு நான் எதையுமே தொட்டதில்லை.

அந்த 19 எப்படி வந்துச்சுன்னு சொல்றேன், கேளுங்க. நான் வாங்கினது 16-க்கு 8-க்கு 8 பிளாக். நடுவுல வர்ற கலவையையும் சேர்த்துக்கிட்டா நீளம் 16 அங்குலம், உயரம் 8, அகலம் 8. அகலம் நீளத்துல சரிபாதி, பார்த்தீங்களா? மொத்த மாயமும் அங்கதான் ஒளிஞ்சிருக்கு. 8 அடின்னா 96 அங்குலம், ஆறு பிளாக். 6 அடின்னா 72 அங்குலம், நாலரை பிளாக். முதல் வரியில் நீளச் சுவர் ரெண்டும் மூலை வரைக்கும் ஓடும், அது பன்னிரண்டு, குட்டைச் சுவர் அதுக்கு நடுவுல மூணரை மூணரையா உட்காரும், அது ஏழு, கூட்டினா 19. அடுத்த வரியில் குட்டைச் சுவர் மூலை வரைக்கும் போகும், நாலரையும் நாலரையும் ஒன்பது, நீளச் சுவர் அஞ்சும் அஞ்சும் பத்து, மறுபடியும் 19! முழு வரி எதை எண்ணினாலும் 19! அரை பிளாக்கைத் தவிர வேற வெட்டே கிடையாது, நீளச் சுவர்ல மூட்டு மேல மூட்டு வராது, மேல் வரி பிளாக்கு கீழ் வரி ரெண்டு பிளாக்குக்கு நட்டநடுவுல போய் உட்காரும். காலண்டர் தாளோட முதுகுல இந்தக் கணக்கைப் போட்டு முடிச்சப்போ நடுராத்திரி. தூங்கிட்டிருந்த வீட்டுக்காரியை எழுப்பிட்டேன். "என்னங்க, மணி என்ன ஆகுது?"ன்னா. "19!"னு சொன்னேன். அவ்வளவு சந்தோஷம்.

செங்கல்லா இருந்திருந்தா இந்தத் தைரியம் வந்திருக்குமான்னு தெரியல. எட்டு ஒன்பது செங்கல் அடைக்கிற இடத்தை ஒரே பிளாக் அடைச்சிடுது. எட்டு ஒன்பது தடவை தப்பு வர வாய்ப்புள்ள இடத்துல ஒரே ஒரு தடவை கவனமா இருந்தாப் போதும்! புதுசா கரண்டி பிடிக்கிறவனுக்கு இதைவிட என்ன வேணும்? உள்ளே ரெண்டு பெரிய ஓட்டை, அதனால கனமும் குறையுது, வெயிலும் சுவர் வழியா சட்டுனு உள்ளே இறங்காது. 1900-ல் ஹார்மன் பால்மர்னு ஒரு அமெரிக்கர் இந்த ஓட்டை பிளாக்கை வார்க்கிற இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த மனுஷன் இருந்த திசை பார்த்து ஒரு கும்பிடு போடணும்னு எனக்கு நிஜமாவே தோணுது.

பிளாக் வந்து இறங்கின நாளை நினைச்சுப் பாருங்க. குட்டியானை வண்டி சந்துக்குள்ள ரிவர்ஸ்ல வருது, நான் "வா வா வா, ஒடிச்சு ஒடிச்சு"ன்னு கத்துறேன், தெரு நாய்கள் எல்லாம் என்கூடச் சேர்ந்துக்கிச்சு. இறக்கி அடுக்க அடுக்க ஒரு சத்தம் வரும் பாருங்க, அதைக் கேட்கணும். நல்லா தண்ணி குடிச்சு வெந்த பிளாக்கை இன்னொரு பிளாக்கால தட்டினா கணீர்னு கேட்கும். சரியா ஆறாத பிளாக்கு பொத்துனு ஒரு சத்தம்தான் போடும், ஓரமும் விரல் பட்டா உதிரும். எங்க தெருக்கோடி மேஸ்திரி அண்ணன் இதை எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார், அதனால நான் ஒண்ணு விடாம தட்டிப் பார்த்தேன். எல்லாம் கணீர்! வண்டிக்காரத் தம்பி பொறுமையா நின்னு வேடிக்கை பார்த்தார்.

அப்புறம் நூல் கட்டின காலை இருக்கே! நாலு முளைக்குச்சி, ஒரு உருண்டை நூல், ஒரு டேப், என் பையன். ஒரு பக்கம் 8 அடி, ஒரு பக்கம் 6 அடி, மூலை சுத்தமான செங்கோணமா இருந்தா குறுக்கே 10 அடி வந்தே தீரணும். கொத்தனார்கள் 3-4-5 வைச்சு மூலை பார்க்கிற அதே கணக்குதான், இங்க எல்லாம் ரெண்டு மடங்கு. பள்ளிக்கூடத்துல பிதாகரஸ் தேற்றத்தைப் பரீட்சைக்காகப் படிச்சதோட சரி. அது மண்ணுல படுத்துக்கிட்டு எனக்காகக் காத்திருக்கும்னு யாருக்குத் தெரியும்? பையன் டேப் முனையைப் பிடிச்சுக்கிட்டு, "அப்பா, ஒன்பது அடி பதினொண்ணே முக்கால்"ங்கிறான். குச்சியை லேசா ஒரு தட்டு. "இப்போ?" "பத்து!" "அந்தக் குறுக்கையும் பாரு." "பத்து!" ரெண்டு குறுக்கும் பத்து! வெறும் நூலும் குச்சியும்தான், ஆனா எனக்கு அங்க அறையே தெரிஞ்சுது. கதவு இருக்கப்போற இடம் வழியா உள்ளே போய், நடுவுல நின்னு, அதே வழியா வெளியே வந்தேன். பையனும் வந்தான். நூலைத் தாண்டி உள்ளே வரக் கூடாதுன்னு வீட்டுக்காரிக்கும் சட்டம் போட்டாச்சு.

வானம் தோண்டினது, அடியில ஜல்லி கான்கிரீட் போட்டது, கருங்கல் கட்டினது, மேல கம்பி கட்டி பெல்ட் வார்த்தது, இதெல்லாம் மேஸ்திரி அண்ணன் பக்கத்துல நின்னு சொல்லச் சொல்லப் பண்ணினது. அஸ்திவாரத்துக்கு மட்டும் அனுபவஸ்தர் ஒருத்தர் பக்கத்துல இல்லாம இறங்காதீங்க. எங்க ஊர்ச் செம்மண் சரளை கெட்டியான மண்ணு, உங்க மண்ணு எப்படியோ. அதுக்கு மேல அதைப் பத்தி இப்போ பேச எனக்குப் பொறுமை இல்ல, சுவருக்குப் போகணும்!

ஆனா அதுக்கு முன்னாடி கலவை. அதைக் கத்துக் கொடுத்தது மேஸ்திரி அண்ணன்கூட சித்தாள் வேலைக்கு வர்ற ஒரு அக்கா. ஒரு சட்டி சிமென்டுக்கு ஆறு சட்டி சலிச்ச எம்-சாண்ட். தண்ணியைத் தொடுறதுக்கு முன்னாடி உலர்வாவே புரட்டணும், திருப்பித் திருப்பிப் புரட்டணும், சாம்பல் நிறத்துல ஒரு கீத்துகூடத் தனியாத் தெரியக் கூடாது. அப்புறம் நடுவுல பள்ளம் பறிச்சு, கரை உடையாம தண்ணி ஊத்தி, உள்பக்கமாவே வெட்டி வெட்டிச் சேர்க்கணும். "போதும் தம்பி, இன்னும் ஊத்தாதீங்க, பிளாக்கு வழுக்கிக்கிட்டு ஓடும்"னு அந்தக்கா சொல்ற அந்த இடம்தான் பதம். கெட்டித் தயிர் பதம். கரண்டியில அள்ளிச் சாய்ச்சா ஒரு நொடி தயங்கிட்டுத்தான் விழணும். அந்தக்கா அளவே பார்க்காம, மண்வெட்டி இழுக்கிற இழுப்புலயே தண்ணி பத்தலையா கூடிப்போச்சான்னு சொல்லிடுறாங்க. மணல் ஈரமா இருக்கா, காத்து அடிக்குதா, வெயில் ஏறிடுச்சா, எல்லாம் அவங்க கணக்குல இருக்கு. ஒரு சுவரோட உயிரே கலவையில இருக்கு, அதைக் கையில வைச்சிருக்கிறவங்களுக்குக் கொத்தனாரைவிடக் கூலி குறைவுங்கிறது எனக்குச் சகிக்கவே இல்ல. எனக்கு அந்தக்காதான் வாத்தியார்.

இப்போ வாங்க, முதல் பிளாக்! கண்ணுக்கு முன்னாடி கொண்டுவாங்க: காலை வெயில் இன்னும் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், பெல்ட் மேல தண்ணி தெளிச்சு ஈரம் மினுங்குது, பக்கத்துல கலவைச் சட்டி, கையில புதுக் கரண்டி. செங்கல்லை ஊறப்போடுற மாதிரி பிளாக்கை ஊறப்போடக் கூடாது, ஊறி உப்பி அப்புறம் சுருங்கினா சுவர் கீறும், அதனால கலவை படுற இடத்தை மட்டும் ஈரக் கையால தடவிட்டாப் போதும். மூலையில கலவையைக் கொட்டி, கரண்டி நுனியால நடுவுல ஒரு கோடு இழுத்து, பிளாக்குல எந்த முகத்துல சிமென்ட் தடிப்பா இருக்கோ அந்த முகம் மேல வர்ற மாதிரி பிடிச்சு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இறக்கினேன். ஐயோ, அந்த அமுங்கல்! பிளாக்கு தன் கனத்துல தானே மெதுவா இறங்குது, கலவை ரெண்டு பக்கமும் பிதுங்கி வருது, ஒரு இடத்துல நின்னுடுது. கரண்டிக் காம்பால ஒரு தட்டு. ரசமட்டத்தை மேல வைக்கிறேன். குமிழி இந்தப் பக்கம் ஒதுங்கி நிக்குது. இன்னொரு தட்டு. குமிழி நகருது, நகருது, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல வந்து நின்னுடுச்சு! திருப்பி அகலவாக்குல வைக்கிறேன், அங்கயும் நடு! பிதுங்கின கலவையைக் கரண்டி விளிம்பால சரக்குனு ஒரே இழுப்புல வழிச்சு எடுத்து, அதே கலவையை அடுத்த பிளாக்கோட ஓரத்துல தடவி, முதல் பிளாக்கோட ஒட்டி இறக்கி, நூலைப் பார்த்து, ஒரு தட்டு, இன்னொரு தட்டு, மறுபடி வழிச்சு, மறுபடி தடவி... நிறுத்தவே முடியல! சாப்பிடக் கூப்பிடுறாங்க, "இதோ இந்த ஒண்ணு"ங்கிறேன். போன் அடிக்குது, கையெல்லாம் கலவை, அடிச்சுக்கிட்டே இருக்கட்டும். மூலையிலிருந்து மூலைக்கு நூல் விறைப்பா நிக்குது, பிளாக்கோட மேல் விளிம்பு நூலைத் தொடாம, நூலுக்கு ஒரு மயிரிழை உள்ளே நிக்கணும், தொட்டா நூல் நகர்ந்திடும், அப்புறம் அதுக்கு மேல வர்ற அத்தனையும் நகர்ந்திடும், அந்த மயிரிழை வழியா வெளிச்சம் தெரியுதான்னு குனிஞ்சு ஒத்தைக் கண்ணால பார்த்துப் பார்த்து, கடைசி இடைவெளிக்கு வந்து நின்னா மிச்சம் இருக்கிறது சரியா ஒரு பிளாக்கு, ரெண்டு பக்கமும் விரல் கலவை! உள்ளே விட்டா கச்சிதமாப் போய் உட்கார்ந்துடுச்சு. எண்ணிப் பார்த்தேன். 19!

தூக்குக்குண்டு பத்தி சொல்லியே ஆகணும். சுவர் ஏற ஏற ரசமட்டத்தைவிட எனக்கு அதுமேலதான் காதல் அதிகமாச்சு. குண்டோட குறுக்களவு எவ்வளவோ அதே அகலத்துல ஒரு சின்ன மரக்கட்டை, கட்டை நடுவுல ஓட்டை, அது வழியா நூல். கட்டையை மேல் பிளாக்கோட ஒட்டிப் பிடிச்சுக் குண்டைக் கீழே விடணும். முதல்ல சுத்தும், ஆடும். அவசரப்படக் கூடாது. ஆட்டம் அடங்கினப்புறம் குண்டோட இடுப்பு அடிவரிப் பிளாக்கைத் தொட்டும் தொடாம நின்னா சுவர் தூக்கா இருக்கு. முட்டிக்கிட்டு நின்னா மேல உள்ளே சாய்ஞ்சிருக்கு, தள்ளி நின்னா வெளியே சாய்ஞ்சிருக்கு. பேட்டரி கிடையாது, ஆப் கிடையாது, பூமியே வந்து பதில் சொல்லுது! "கண்ணை நம்பாத தம்பி, குண்டைக் கேளு"ன்னு மேஸ்திரி அண்ணன் போகும்போதும் வரும்போதும் சொல்லுவார். கேட்டேன். ஒவ்வொரு வரிக்கும் கேட்டேன். ஒரு நாளைக்கு மூணு, மூணரை அடிக்கு மேல ஏத்தக் கூடாது, அடியில இருக்கிற பச்சைக் கலவை கனம் தாங்காதுன்னு அவர் சொன்னதுதான் எனக்கு இருந்த ஒரே வருத்தம். எனக்கு அன்னிக்கே கூரை வரைக்கும் போகணும்போல இருந்துச்சு! மூலைகள்ல மட்டும் பிளாக் ஓட்டைக்குள்ள கம்பி நிறுத்தி, சன்ன ஜல்லி கான்கிரீட்டைக் கொட்டிக் குத்திவிட்டோம். நாலு மூலையும் இப்போ உள்ளுக்குள்ள நாலு தூணு.

ராத்திரி டார்ச் எடுத்துக்கிட்டுப் போய் சுவரைப் பார்த்துட்டு வருவேன். ஆமா, சும்மா பார்க்கத்தான். வெளிச்சத்தைச் சுவரோட ஒட்டிச் சாய்ச்சு அடிச்சா ஒவ்வொரு மூட்டும் நிழலோட எழுந்து நிக்கும். காலையில எழுந்ததும் பல் விளக்குறதுக்கு முன்னாடி ஓஸைப் பிடிச்சுச் சுவருக்குத் தண்ணி. சாயங்காலமும் தண்ணி. சிமென்ட் காய்ஞ்சு கெட்டியாகுதுன்னுதான் நான் அதுநாள் வரைக்கும் நினைச்சிருந்தேன். இல்லவே இல்ல! அது தண்ணியோட சேர்ந்து வேதிவினை நடந்து கெட்டியாகுது, தண்ணிக்கு அடியில இருந்தாக்கூடக் கெட்டியாகும், ஈரம் இருக்கிற வரைக்கும் நாளுக்கு நாள் பலம் ஏறிக்கிட்டே இருக்கும், அதனாலதான் மூட்டையில போட்டிருக்கிற 53 கிரேடுங்கிற பலத்தையே 28 நாள் கழிச்சு அளக்குறாங்க. 1824-ல் போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கின ஜோசப் ஆஸ்ப்டின் இங்கிலாந்துல லீட்ஸ் நகரத்துக் கொத்தனார், தெரியுமா உங்களுக்கு? ஒரு கொத்தனார்! இதை மேஸ்திரி அண்ணன்கிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். "நம்ம ஆளா?"ன்னு கேட்டு ரொம்ப நேரம் சிரிச்சார். நம்ம சென்னையிலயே 1904-ல் கடல் சிப்பியை வைச்சு சிமென்ட் செய்யப் பார்த்திருக்காங்கன்னு சேர்த்துச் சொன்னதும், அடுத்த டீ அவர் வாங்கிக் கொடுத்தார்.

கதவுக்கு வருவோம். காரைக்குடியில இருந்துக்கிட்டு இரும்புக் கதவு மாட்டுவேனா? முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய வீட்டுச் சாமான் கடைகள் வரிசையா இருக்கே, செட்டிநாட்டு வீடுகளைப் பிரிச்சப்போ வந்த தூண், நிலை, கதவு, ஜன்னல், எனாமல் பாத்திரம் எல்லாம் மலையாக் குவிஞ்சிருக்குமே, அங்க போய் ஒத்தைக் கதவு தேடினேன். பெரிய வாசல் கதவுக்கெல்லாம் நம்ம கை எட்டாது. ஆனா ஒரு கடையோட பின்கட்டுல, ஏதோ ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்துல இருந்திருக்கும், பர்மாத் தேக்குல சின்னதா ஒரு கதவு நிலையோட சாய்ஞ்சு கிடந்துச்சு. டேப்பை வைச்சேன். நிலையோட அகலம் 2 அடி 8 அங்குலம். 32 அங்குலம். ரெண்டு பிளாக்! கடைக்காரர் முன்னாடியே கைதட்டிட்டேன். பேரம் பேசுறவன் முகத்தை இறுக்கமா வைச்சுக்கணும்னு சொல்லுவாங்க, என்னால முடியல, சொன்ன விலையில கொஞ்சம்தான் குறைச்சார், குறைக்கலன்னாலும் எடுத்திருப்பேன். கீலுக்கு எண்ணெய் விட்டு மாட்டினா ஒரு விரல்ல தள்ளினாத் திறக்குது.

தரையைச் சொன்னா என்னை ஊதாரின்னுதான் சொல்லுவீங்க. மண்வெட்டி வைக்கிற அறைக்கு ஆத்தங்குடி டைல் போட்டேன். சுவர் போக உள்ளளவு 80 அங்குலத்துக்கு 56 அங்குலம் வருது, ஆத்தங்குடியில 8-க்கு 8 டைல் கிடைக்குது, பத்து வரிசை ஏழு வரிசை, 70 டைல், ஒண்ணைக்கூட வெட்ட வேண்டாம்! இந்தக் கணக்கு வந்து வாசல்ல நிக்கும்போது வெறும் சிமென்ட் தரை போட எந்த மனுஷனுக்கு மனசு வரும், சொல்லுங்க? ஆத்தங்குடிக்கே போய் அவங்க வார்க்கிறதைப் பக்கத்துல நின்னு பார்த்தேன். கண்ணாடித் தகட்டு மேல பித்தளை அச்சை வைச்சு, கரைச்ச கலர் சிமென்ட்டை ஒவ்வொரு கட்டத்துலயும் கரண்டியால ஊத்தி, அச்சைத் தூக்கி, மேல உலர்ந்த மணலும் சிமென்டும் தூவி, பின்பக்கம் கலவை வைச்சு அழுத்தி மட்டம் பண்ணி எடுத்துவைக்கிறாங்க. சூளை கிடையாது, நெருப்பே கிடையாது! அப்புறம் தண்ணித் தொட்டியில நாள் கணக்கா ஊறுது. கண்ணாடியைப் பிரிச்சா அந்தக் கண்ணாடியோட வழவழப்பு டைல் முகத்துல அப்படியே இருக்கு. என் சுவரைக் கெட்டியாக்கின அதே தண்ணி, அதே சிமென்ட்! நான் எடுத்தது செங்காவியும் மஞ்சளும் கலந்த பூக்கட்டம். பதிச்சு முடிச்சு, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால துடைக்கத் துடைக்க நிறம் மேல எழும்பி வந்துச்சு. சுவரை உள்பக்கம் பூசவே இல்ல. அந்த 19-ஐ மறைக்க எனக்கு மனசு வருமா?

கூரை தகரம்தான், பச்சை நிற ஷீட். முன்சுவர் பன்னிரண்டு வரி, பின்சுவர் பத்து வரி, 16 அங்குலச் சரிவு, தண்ணி பின்னாடி வாழைப்பாத்திக்குப் போயிடும். சித்திரை மத்தியானம் உள்ளே கொஞ்சம் சூடுதான், ஒத்துக்கிறேன், ஆனா சித்திரை மத்தியானத்துல எந்த அறை குளுகுளுன்னு இருக்கு? பின்சுவர்ல ஜாலி வைச்சிருக்கேன், வேப்பமர நிழல் இருக்கு, போதும். முதல் மழை வந்தப்போ குடும்பத்தோட உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டோம். தகரத்து மேல மழை இடிச்சுக் கொட்டுது, ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேட்கல, நான் சுவரைச் சுத்திச் சுத்தித் தடவிப் பார்க்கிறேன், ஒரு பொட்டு ஈரம் உள்ளே வரல! பக்கத்து வீட்டு அப்பத்தா மறுநாள் வந்து சுவரைக் கையால தட்டிப் பார்த்துட்டு, "ஏன்டா அப்பச்சி, இதை நீயாடா கட்டுனே? நெசமாவா?"ன்னு கேட்டாங்க. மூணு தடவை கேட்டாங்க. மூணு தடவையும் "நான்தான் அப்பத்தா"ன்னு சொன்னேன், நாலாவது தடவையும் கேட்கமாட்டாங்களான்னு இருந்துச்சு.

உங்க வீட்டுப் பின்னாடி ஒரு எட்டடி இடம் சும்மா கிடக்குதா? தூக்குக்குண்டு, ரசமட்டம், கரண்டி, நூல், நாலும் எங்க ஊர் இரும்புக்கடையில ஒரே பையில கொடுத்துட்டாங்க, உங்க ஊர்லயும் கொடுப்பாங்க. அளவு எல்லாத்தையும் 8 அங்குல மடங்குல வைச்சுக்கோங்க. அளவு போட்ட காகிதத்தை எனக்குக் காட்டுங்க, ஒரு வரிக்கு எத்தனைன்னு நான் எண்ணிச் சொல்றேன், சந்தோஷமா சொல்றேன், கலவை குழைக்கவும் வர்றேன், டீ மட்டும் வாங்கிக் கொடுங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் கூப்பிடாதீங்க. அன்னிக்குக் கோழிக்கூண்டுக்கு வானம் தோண்டுறேன், 4 அடிக்கு 4 அடி, ஒரு வரிக்குப் பத்து பிளாக், எப்படித் திருப்பினாலும் பத்துதான் வருது!